டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு ஷேடோ டீச்சர்: செலவைப் பெற்றோர்தான் ஏற்க வேண்டுமா?

கோவை அம்மா (கேள்வி):
என் மகன் ஒரு தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். எட்டு வயது முடிந்துவிட்டது. அவனுக்கு டிஸ்லெக்சியா (வாசிப்பதையும் எழுதுவதையும் கடினமாக்கும் கற்றல் குறைபாடு) இருப்பது சென்ற மாத மதிப்பீட்டில் தெரிந்தது. கடல்நீர் எப்படி மழையாகிறது என்று கேட்டால் கையை ஆட்டி ஆட்டி முழுவதையும் சொல்லிவிடுவான். எழுதச் சொன்னால் மூன்று சொற்களைத் தாண்டிப் பென்சில் நகராது. டைரியில் நாள்தோறும் சிவப்பு மையில் 'முடிக்கவில்லை' என்ற குறிப்பு வருகிறது. எங்கள் செலவில் ஷேடோ டீச்சரை (வகுப்பில் அவனுக்கு மட்டும் உதவும் தனி உதவியாளரை) அமர்த்த வேண்டும், முடியாவிட்டால் டி.சி. வாங்கிக்கொள்ளலாம் என்று முதல்வர் நேரில் சொன்னார். பள்ளி இப்படிக் கேட்கலாமா?

சிறப்பாசிரியை:
டி.சி.க்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளி வெளியேற்ற முடியாது. நீங்களாகக் கேட்டு வாங்கியதாக இருந்தால்தான் அவர்களுக்குச் சிக்கல் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. அதன் 16ஆம் பிரிவும் (எண் தற்செயலாக ஒத்துப்போகிறது) அரசின் அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் அனைத்தும் பாகுபாடின்றிச் சேர்த்து, தேவைக்கேற்ற வசதி செய்து தர வேண்டும் என்கிறது.

ஷேடோ டீச்சர் உங்கள் மகனுக்குத் தேவையா என்பதே என் ஐயம். அருகில் அமர்ந்து கரும்பலகையில் உள்ளதை அவனுக்காக எழுதித் தருவார். அவனும் அவர் கையையே பார்த்திருக்கப் பழகிவிடுவான். நான் பணியாற்றிய பள்ளியில் இதே வயதுப் பையன் ஒருவன் தானே வாசித்து எழுதிய தேர்வில் பத்துக்கு இரண்டு வாங்கினான். அதே வினாக்களை வராந்தாவில் நான் படித்துக் காட்டியபோது ஏழுக்குச் சரியாகப் பதில் சொன்னான். அதற்கு வகுப்பாசிரியரின் பத்து நிமிடம் போதும். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் சிறப்பாசிரியர் இருந்தாக வேண்டும். அவருக்கு இந்திய மறுவாழ்வு மன்றப் பதிவு (சிறப்பாசிரியர்களைப் பதிவு செய்யும் அமைப்பு இது) உண்டா, வாரத்தில் எத்தனை மணி நேரம் உங்கள் மகனுடன் அமர்வார் என்று கேளுங்கள். தனிநபர் கல்வித் திட்டத்தை, அதாவது உங்கள் மகனுக்கென்றே வகுக்கும் கற்பித்தல் திட்டத்தை, எழுத்தில் வாங்குங்கள்.

பத்தாம் வகுப்பு மாணவியின் தந்தை:
நாங்கள் மகளைச் சேர்த்த பள்ளியில் 'ரிசோர்ஸ் ரூம்' (இத்தகைய பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்லித்தரும் அறை) என்று பலகை மாட்டியிருந்தார்கள். உள்ளே ஆண்டு விழா உடைகளும் காற்றுப்போன கால்பந்துகளும் கிடந்தன. ஆகவே அறையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். முதல்வருடன் பேசிய அன்றே, 'இன்று நீங்கள் கூறியது இது' என்று மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். அரசு மருத்துவக் குழுவின் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவரும், மூன்று மணி நேரத் தேர்வுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரமும் கேட்க அது உதவும்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்:
முதல்வர் செய்தது தவறு. ஆனாலும் குறைந்த கட்டணத்தில் நடக்கும் சிறு பள்ளிகளின் நிலையையும் சொல்ல வேண்டும். தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்ற அளவை உச்ச நீதிமன்றம் 2021இல் குறிப்பிட்டது. எங்கள் பள்ளியில் அப்படிப்பட்ட பிள்ளைகள் மூவர். அவர்களுக்காக முழுநேர ஊதியம் தர எங்களால் இயலவில்லை. அருகிலிருந்த இன்னொரு பள்ளியுடன் சேர்ந்து ஒரே ஆசிரியரை ஆளுக்கு மூன்று நாள் வைத்துக்கொண்டோம். உங்கள் பள்ளி அந்த அளவுக்குச் சிறியதாகத் தெரியவில்லை.

கோவை அம்மா:
நன்றி. மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். டி.சி. பற்றிப் பதிலில் ஒரு சொல்லும் இல்லை. திங்கட்கிழமை சிறப்பாசிரியரைச் சந்திக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். பதிவு எண்ணை முதலில் கேட்கிறேன்.