43 வயதில் ஆட்டிசம் என்று தெரிந்தது: வடசென்னையில் பெரியவர்களுக்கு யார் இருக்கிறார்கள்?

தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். மூன்று மாதம் முன்பு மனநல மருத்துவர் உறுதி செய்தார். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால், இன்றும் காதைப் பொத்திக்கொண்டு நடுத்தெருவில் நின்றுவிடுவேன். கல்யாண வீட்டில் பத்து நிமிடம் தாங்காது. திமிர் என்றார்கள், நானும் நம்பிவிட்டேன். காரணம் தெரிந்ததும் பாரம் இறங்கியது. அப்புறம் போன வருஷங்களை நினைத்துத் தூக்கம் போனது.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு, சரி. பெரம்பூர், ராயபுரத்தில் விசாரித்த தெரபி மையங்கள் குழந்தைகளுக்கு மட்டும் என்றன. மாற்றுத்திறனாளிகளுக்கான முட்டுக்காடு தேசிய நிறுவனம் ஊரின் மறுகோடி, அத்தனை தூரம் பஸ் நெரிசல் தாங்க முடியாது. ஆன்லைன் கவுன்சலிங் நான்கு முறை. கண்ணைப் பார்த்துப் பேசப் பழகச் சொன்னதோடு நிறுத்திவிட்டேன். இப்படியே என்னை ஏற்றுக்கொள்ளத்தான் துணை தேடுகிறேன்.

பெரியவர்களின் ஆட்டிசம் புரிந்த உளவியலாளர் யாராவது வடசென்னையில் தெரியுமா?