பேராவூரணிக்குத் திரும்பலாமா, மேடவாக்கத்திலேயே கிடக்கலாமா?

கடைமடையான்:

நேரா விஷயத்துக்கு வர்றேன். சொந்த ஊர் தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணி, இருப்பு சென்னை மேடவாக்கம். மாசத்துக்கு நாலு நாள் ஆபீஸ்ல முகம் காட்டினா போதும்னு எழுத்துல கொடுத்துட்டாங்க. குடும்பத்தோட ஊருக்கே போயிடலாம்னு இருக்கேன். "கிறுக்குப் பிடிச்சிருக்கா"ன்னு கேக்காத நண்பன் இல்ல. என் கட்சியை இங்க வைக்கிறேன், முடிஞ்சா உடைச்சுக் காட்டுங்க.

நான் ஊரை விட்டப்ப இல்லாத எல்லாம் இப்ப அங்க இருக்கு. ஃபைபர் லைன் இருக்கு, வெத்தலைபாக்குக் கடையில ஜிபே இருக்கு, ஆர்டர் போட்டா ரெண்டு மூணு நாள்ல பார்சல் வருது. சென்னையில என்ன இருக்கு? 2019 கோடையில ஜோலார்பேட்டையிலருந்து ரயில்ல தண்ணி கொண்டு வந்தாங்க, ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அந்த ஜூலையில எங்க அடுக்ககத்துல லாரிக்காரர் போனை எடுத்தாலே கொண்டாட்டம். நாலு வருஷம் கழிச்சு மிக்ஜாம் புயல், அதே கட்டடத்துல கீழ்த்தளத்து காரெல்லாம் தண்ணிக்குள்ள. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை 2022-ல ராம்சார்ங்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியல்ல சேர்த்தாங்க. அதுக்கு எவ்வளவோ முன்னாடியே அதோட ஓரமெல்லாம் நாங்க வீடு கட்டிக் குடியேறியாச்சு.

ஊர்ல அம்மாவுக்குக் காய்ச்சல்னா எனக்கு போன் வர்றதுக்கு முன்னாடியே பக்கத்து வீட்டு அத்தை கஞ்சி வச்சுக் கொடுத்திருக்கும். இங்க எதிர் ஃபிளாட்காரர் பேரையே வாட்ஸப் குரூப்பைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

கீரமங்கலத்து மீனா:

பக்கத்து ஊர்க்காரியா வந்து சொல்றேன். அந்த அத்தைக்குக் காய்ச்சல் வந்தா யார் கஞ்சி வைக்கிறா? உங்க அம்மா வச்சிருப்பாங்க. நாளைக்கு நீங்க குடி போனா உங்க மனைவி வைக்கணும். ஊர்ப்பாசம்னு ஆம்பளைங்க எழுதுற எல்லாத்துக்கும் அடியில அடுப்படியில நிக்கிற ஒரு பொம்பளை இருக்கா. நீங்க சென்னையை விட்டு ஊருக்குப் போறீங்க. அவங்க சம்பளம் வாங்குற வேலையை விட்டுட்டு, சம்பளம் இல்லாத வேலைக்குப் போகணும்.

இன்னொண்ணு. மேடவாக்கத்துல ராத்திரி பத்து மணிக்கு நான் தனியா ஷேர் ஆட்டோவுல இறங்கி, பால் பாக்கெட் வாங்கிக்கிட்டு நடந்து வந்தா ஒருத்தர் திரும்பிப் பாக்க மாட்டாங்க. எங்க ஊர்ல சாயங்காலம் ஆறரைக்கு மருந்துக்கடையில நின்னா, நான் வீடு வந்து சேர்றதுக்குள்ள என்ன மாத்திரை வாங்கினேன்னு பெரியப்பாவுக்குத் தெரியும். உங்களுக்கு அது அக்கறை. எனக்கு சிசிடிவி.

கொப்பரைக்கடை:

தங்கச்சி பேச்சுல காரம் இருக்கு, பொய் இல்ல. ஆனா ஆறரைக்கு நின்னதுக்குப் பேசினது அந்தக் காலம்மா. இப்ப எங்க கடையிலயே மூணு பொண்ணுங்க வேலை பாக்குது, எட்டு மணிக்கு மேலதான் கிளம்புதுங்க. 2021 மே மாசத்துலருந்து சாதா டவுன் பஸ்ல பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லைன்னு ஆனதும் கிராமத்துலருந்து வேலைக்கு வர்ற கூட்டம் கூடிப்போச்சு. முன்னாடி பஸ் காசுக்கு வீட்டுல கையேந்தணும், காசோட சேத்து "எதுக்குப் போற"ங்கிற கேள்வியும் வரும். இப்ப அந்தக் கேள்வியைக் கேக்க ஆளுக்கு வாய்ப்பில்லாமப் போச்சு.

கீரமங்கலத்து மீனா:

அண்ணே, டவுன் பஸ் இலவசம், சரி. எட்டு மணிக்கு மேல கிளம்புற அந்தப் பொண்ணுங்க ஊருக்குக் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு?

கொப்பரைக்கடை:

எட்டே முக்கால். விட்டா அண்ணனோ தம்பியோ வண்டி எடுத்துக்கிட்டு வரணும். அதுவும் உண்மைதான்.

ஓய்வூதியர் தாம்பரம்:

இளைஞர்கள் ஃபைபரைப் பற்றிப் பேசுகிறார்கள். நான் தண்டவாளத்தைப் பற்றிப் பேசுகிறேன். மீட்டர் கேஜ் காலத்தில் கம்பன் எக்ஸ்பிரஸில் பேராவூரணியில் ஏறிப் படுத்தால் விடிந்ததும் எழும்பூர். அகலப்பாதை ஆக்குகிறோம் என்று பாதையைப் பிரித்தார்கள், ஒரு தலைமுறை ரயிலைப் பார்க்காமலே வளர்ந்தது. 2019-இல் திருவாரூர் - காரைக்குடி தடத்தில் வண்டி விட்டபோது கேட் கீப்பர்கள் இல்லை. வண்டியிலேயே பணியாளர்கள் வருவார்கள். ஒவ்வொரு லெவல் கிராசிங்கிலும் வண்டி நிற்கும், ஒருவர் இறங்கிக் கேட்டை மூடுவார், வண்டி கடந்து மறுபடி நிற்கும், இன்னொருவர் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறுவார். சுமார் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அரை நாள். 2023 ஏப்ரலில் தாம்பரம் - செங்கோட்டை வண்டி இந்தத் தடத்துக்கு வந்தது, அதுவும் வாரத்தில் எல்லா நாளும் இல்லை. பேருந்தில் போகலாம் என்றால் கிளாம்பாக்கத்திலிருந்துதான் ஏற வேண்டும். மாதம் நாலு நாள் ஆபீஸ் என்று சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். நாலு ராத்திரி தூக்கம் என்றும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

கடைமடையான்:

ஐயா, மேடவாக்கத்துலருந்து அம்பத்தூருக்கு தினமும் போய் வந்தவன் நான். தூக்கம் போறதைப் பத்தி என்கிட்ட சொல்லாதீங்க.

மொக்கை மன்னன்:

ரெண்டு ஊருக்கும் நடுவுல விழுப்புரத்துல வீடு பாருங்க பாஸ். டீ பதினஞ்சு ரூபா, ஆனா ரெண்டு பக்கமும் பஸ் உண்டு.

கடைமடையான்:

மீனா சொன்ன அடுப்படி விஷயத்துக்குப் பதில் இல்லாம இல்ல. சென்னையிலயும் அடுப்படியில நிக்கிறது பொம்பளைதான், துணைக்கு ஆள் மட்டும் கிடையாது. ஊர்ல ஒரு அமைப்பு இருக்கு, ஒருத்தன் விழுந்தா பத்துப் பேர் தூக்குவான். மொய் விருந்தையே எடுத்துக்குங்க. ஆடி, ஆவணி வந்தா பேராவூரணி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் மண்டபம் மண்டபமா நடக்கும். தெரியாதவங்களுக்காக: கல்யாணம், காதுகுத்து எதுவும் தேவையில்ல. பத்து இருபது குடும்பம் சேர்ந்து ஒரே பத்திரிகை அடிச்சு, செலவைப் பங்கு போட்டு, கறிக்குழம்போட விருந்து வைக்கும். வந்தவங்க சாப்பிட்டு மொய் செய்வாங்க. நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஒருத்தருக்கு முறை வரும். அந்தப் பணத்துல கடை வச்சவன், போர் போட்டவன், பொண்ணை காலேஜ்ல சேர்த்தவன் எத்தனை பேர்! பேங்குல ஜாமீன் கேட்டு இழுத்தடிப்பான். இங்க நோட்டுல பேர் இருந்தாப் போதும்.

கீரமங்கலத்து மீனா:

மண்டபத்துக்குள்ள நீங்க எந்தப் பக்கம் இருந்திருக்கீங்க? நான் எழுதுற பக்கம் இருந்திருக்கேன். எங்க வீட்டு முறை வந்தப்ப எனக்கு நல்ல கையெழுத்துன்னு நோட்டுல உக்கார வச்சாங்க. எதிர்ல பித்தளை அண்டா, பக்கத்துல பணம் எண்ணுற மெஷின். ஊர் பேர், அப்பா பேர், பட்டப்பேர், தொகை. பட்டப்பேர் விட்டுப்போச்சுன்னா தகராறு, ஒரே பேர்ல ஒரு ஊர்ல ஆறு பேர் இருப்பாங்க. விருந்து முடிஞ்ச ராத்திரி மொத்தத்தைக் கூட்டினதும் எங்க அப்பா சிரிச்சார். மறுநாள் காலையில அதே நோட்டைப் புரட்டி, யார் யாருக்கு எந்த வருஷம் திருப்பணும்னு குறிக்க ஆரம்பிச்சார். அப்புறம் அவர் சிரிச்சு நான் பாக்கல.

ஆயிரம் செஞ்சவருக்கு ஆயிரத்தைத் திருப்பினா கணக்கு முடிக்கிறோம்னு அர்த்தம், உறவு அறுந்துரும். மேல போட்டுத்தான் செய்யணும். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சுத் தென்னை மொத்தமும் சாஞ்சுச்சே, அதுக்கடுத்த ஆடியில நோட்டு நின்னுச்சா? வருமானம் படுத்துருச்சு, திருப்ப வேண்டிய மொய் படுக்கல. என் வளையலும் அம்மாவோட தோடும் அடகுக்குப் போய்த்தான் ரெண்டு ஆடி கடந்துச்சு. இதை வட்டியில்லாக் கடன்னு பத்திரிகையில எழுதுறாங்க. வட்டி உண்டு, அதுக்கு மரியாதைன்னு பேர் வச்சிருக்கோம்.

கடைமடையான்:

அடகுக்குப் போனது கஜாவால. மொய்யால இல்ல. சென்னையில கடன் ஆப்புல பணம் வாங்கிக் கட்ட முடியாதவன் போட்டோவை அவன் காண்டாக்ட்ல இருக்கிற எல்லாருக்கும் அனுப்புறானே, அது மரியாதையா?

கொப்பரைக்கடை:

கஜாவைத் தொட்டதால சொல்றேன். அன்னிக்கு என் தோப்பு என் கண்ணு முன்னாடி இல்ல, காலையில கதவைத் திறந்தா வெளிச்சம் கண்ணைக் கூசுது. தென்னை இருந்த இடமெல்லாம் வானம். அரசு ஒரு மரத்துக்கு வெட்டி அகற்றுற கூலியோட சேத்து 1,100 ரூபா கொடுத்துச்சு. புதுக் கன்னு காய்க்க நெட்டை ரகம்னா ஆறேழு வருஷம். 2025-ல தேங்காய் விலை எகிறுச்சே, அன்னிக்கு மனசு விடாம கன்னு வச்சவனுக்கு அப்பத்தான் கைக்குக் காசு வந்துச்சு. வாரக்கணக்குல கரண்ட் இல்லாமக் கிடந்தோம். ஜெனரேட்டர் வச்சிருந்தவன் ஊருக்கே போன் சார்ஜ் போட்டுவிட்டான், சிலபேர் காசு வாங்கினான், சிலபேர் வாங்கல. ரெண்டையும் எழுதணும்.

அடுத்த வருஷமே எங்க பசங்க வசூல் பண்ணிப் பெரியகுளத்தைத் தூர்வாரினாங்க. ஜூன் 12-ல மேட்டூர் திறந்தா எங்களுக்குத் தண்ணி வந்து சேர்றது கடைசியில, கல்லணைக் கால்வாயோட வாலுல இருக்கோம். குளம் நின்னாத்தான் கிணறு நிக்கும். அதுல பாதிப்பேர் வெளிநாட்டு வேலையிலயும் சென்னை, பெங்களூர்லயும் இருந்த பசங்க. ஊருக்குத் திரும்பி வந்தவங்க இல்ல, லீவுல வந்தவங்க. அவங்க பணத்துலதான் மண்வெட்டி எந்திரம் ஓடுச்சு. ஊரைக் காப்பாத்த ஊர்லயே இருக்கணும்னு கட்டாயமில்ல தம்பி.

வார்டு நர்ஸ்:

நான் இந்த விவாதத்தில் எந்தப் பக்கமும் இல்லை. தாலுகா ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்க்கிறேன். கண்ணாடிவிரியன் கடித்து வந்தால் எங்களிடம் மருந்து தயாராக இருக்கும், பார்த்துப் பழகிய கை இருக்கும். நெஞ்சுவலி என்று ராத்திரி இரண்டு மணிக்கு வந்தால் நிலைமை வேறு. 2023-இல் 'இதயம் காப்போம்' திட்டம் வந்த பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் முதல் டோஸ் கொடுத்துவிடுகிறார்கள், 108 வருகிறது. ஆனால் அடைப்பை எடுக்க பேராவூரணியிலிருந்து தஞ்சாவூர் போக வேண்டும், எழுபது கிலோமீட்டருக்குக் கிட்ட. கடைமடையான் சார், அம்மாவுக்குச் சர்க்கரை, பிரஷர் உண்டா? உண்டென்றால் கஞ்சி வைக்கும் அத்தையை மட்டும் நம்பாதீர்கள், பக்கத்தில் கார் ஓட்டத் தெரிந்தவர் யார் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கடைமடையான்:

சர்க்கரை உண்டு சிஸ்டர். நான் போறதுக்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் காரை ஓட்டுற ஆளா நான் இருக்கணும்ல?

கீரமங்கலத்து மீனா:

அதை முதல் பதிவுலயே எழுதியிருந்தா நான் இவ்வளவு சண்டை போட்டிருக்க மாட்டேன். அம்மாவுக்காகப் போறது ஒரு விஷயம், ஊர் ஒசத்தின்னு போறது வேற விஷயம். முதலாவதுக்கு ராம்சார், ஜோலார்பேட்டை எல்லாம் எதுக்கு?

ஆனா ரெண்டாவதை விட மாட்டேன். ஒசத்தின்னு சொல்றவங்க எல்லாருக்கும் அங்க அப்பா கட்டின வீடு இருக்கு. பேராவூரணியில மனை விலை விசாரிச்சிருக்கீங்களா? சிங்கப்பூர்ப் பணம் வந்து விழுந்து விழுந்து, சம்பளக்காரங்க கிட்ட நெருங்க முடியாது. சரி, வாடகைக்குப் போகலாம்னா முதல் கேள்வி "நீங்க என்ன ஆளுக?"

ஓய்வூதியர் தாம்பரம்:

சென்னையில் கேட்பதில்லையா அம்மா? "வெஜிடேரியன் மட்டும்" என்று போர்டே தொங்குகிறது. அதே கேள்விதான், சட்டை மாற்றிக்கொண்டிருக்கிறது. முன்பணத்தையும் பாருங்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறாக எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்கிறது. என் மகன் கொடுத்தது பத்து மாதம்.

கீரமங்கலத்து மீனா:

கேக்குறாங்க ஐயா, மறுக்கல. சென்னையில ஒருத்தர் கதவைச் சாத்தினா அடுத்த தெரு இருக்கு, அதுக்கடுத்து நங்கநல்லூர், கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம்னு போய்க்கிட்டே இருக்கலாம். பேராவூரணியில எத்தனை தெரு? ஒரு ஓனர் வேண்டாம்னா மறுநாள் எல்லா ஓனருக்கும் தெரியும்.

கடைமடையான் சார், மே மாசம் பிள்ளைக்கு டி.சி. வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்ங்க. அம்மா வீட்டுல இறங்காம, யார் மகன்னு சொல்லாம, ஊர்ல வாடகைக்கு வீடு தேடிப் பாருங்க. என்னென்ன கேட்டாங்கன்னு இங்க வந்து எழுதுங்க. உங்க மனைவியையும் எழுதச் சொல்லுங்க, இத்தனை பதிவுல அவங்க என்ன சொன்னாங்கன்னு ஒரு வரி இல்ல.

கடைமடையான்:

அவங்க வேலைக்கு இன்னும் பதில் வரல. வீட்டுலருந்து பாக்க விடுவாங்களான்னு எழுதிக் கேட்டிருக்காங்க. விடலைன்னா நான் மட்டும் போய் வர்றதாப் பேச்சு. வீடு தேடுற யோசனை நல்லாருக்கு, அடுத்த மாசம் நீலகண்டப் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்குப் போறப்ப பாக்குறேன்.

கொப்பரைக்கடை:

திருவிழா நேரத்துல வராதீங்க, ஊரே சொந்தக்காரங்களா இருக்கும், அரை மணி நேரத்துல யார் மகன்னு கண்டுபிடிச்சிருவான். ரயிலடிப் பக்கம் எனக்குத் தெரிஞ்ச ஒரு மாடி வீடு காலி. வாடகை ஆறாயிரம், தண்ணி நல்ல தண்ணி, கார் நிறுத்த இடம் உண்டு. ஓனர் நல்ல மனுசன்தான். ஆனா என்ன ஆளுகன்னு கேப்பாரு, இப்பவே சொல்லிட்டேன்.