உதவி: ஒரே 8,000 கிலோ வெடிபொருளுக்கு இரண்டு பாதுகாப்புத் தூரம் வருகிறது, எதை வரைபடத்தில் போடுவது?

மலர்விழி:
பயிற்சி வகுப்புக்காகக் கொடுத்த மாதிரி ராணுவ முகாம் இது. இரண்டு வெடிமருந்துக் கிடங்குகள் அருகருகே இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் அபாயப் பிரிவு 1.1 சரக்கு (மொத்தமும் ஒரேயடியாக வெடிக்கக்கூடியது), நிகர வெடிபொருள் எடை 8,000 கிலோ. குடியிருப்புக்கு விட வேண்டிய தூரம் ஐ.நா.வின் ஐஏடிஜி (சர்வதேச வெடிமருந்துத் தொழில்நுட்ப வழிகாட்டி) சூத்திரத்தில் 444 மீட்டர் வருகிறது. வகுப்பில் கொடுத்த எக்செல் தாளில் 317தான். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் கிடங்கைச் சுற்றி 444 என்று பஃபர் (பாதுகாப்பு வளையம்) போட்டால் வரைபடம் முழுக்க ஒரே நிறமாகிவிடுகிறது. 650 மீட்டரில் ஒரு பள்ளிக்கூடம் வேறு இருக்கிறது. யாராவது சொல்லுங்களேன்.

வரைபட அண்ணன்:
பஃபர் விஷயம் எளிது, தங்கச்சி. உங்க வரைபட லேயர் லாட்-லாங்கில் (அட்சரேகை–தீர்க்கரேகை) இருக்கு. அதனால 444-ஐ மீட்டரா எடுக்காம டிகிரியா எடுத்துக்குது. முகாம் இருக்கிற இடத்துக்கான யுடிஎம் மண்டலத்துக்கு, அதாவது மீட்டரில் அளக்கிற ஆயமுறைக்கு, மாத்திட்டுப் போடுங்க. தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு 44 வடக்கு. இன்னொண்ணு, கிடங்கின் நடுப்புள்ளியிலிருந்து வட்டம் போடாதீங்க. வெளிச்சுவரை வரைஞ்ச பாலிகானிலிருந்து (பலகோண உருவம்) போடுங்க. கட்டடம் 40 மீட்டர் நீளம்னா முனையில 20 மீட்டர் குறைஞ்சிடும்.

ஓய்வு பெற்ற ஆர்ட்னன்ஸ்காரர்:
444, 317 இரண்டுமே எடையின் கன மூலத்தை ஒரு எண்ணால் பெருக்கி வந்தவை. 8,000க்குக் கன மூலம் 20. ஐஏடிஜி அதை 22.2-ஆல் பெருக்குகிறது. உங்கள் தாளில் இருப்பது 15.87, அதாவது அமெரிக்க விதியின் 40, அடி–பவுண்டிலிருந்து மீட்டர்–கிலோவுக்கு மாற்றியது. மாற்றம் சரிதான். ஆனால் அமெரிக்க விதியில் சிதறல்களுக்காக 1,250 அடி, அதாவது 381 மீட்டர் குறைந்தபட்சமும் உண்டு, அதைத் தாள் விட்டுவிட்டது. எனவே 317 இந்த இரண்டு விதிகளில் எதன்படியும் நிற்காது. ஒரு விதியை எடுத்தால் முழுசாக எடுங்கள் அம்மா, பாதியை இங்கும் பாதியை அங்கும் எடுக்கக் கூடாது. இந்தியாவில் உண்மையான முகாம் என்றால் எஸ்டெக் (வெடிபொருள் சேமிப்பு–போக்குவரத்துக் குழு) விதிகள்தான் செல்லும்.

இதைவிடப் பெரிய கேள்வி, அந்த இரண்டு கிடங்குகளுக்கு இடையே உரிய தூரமும் மண் கரையும் இருக்கிறதா என்பது. இல்லையென்றால் ஒன்று வெடித்தால் மற்றதும் உடனே வெடிக்கும் என்று வைத்து எடையைக் கூட்ட வேண்டும். 16,000 கிலோவுக்கு 559 மீட்டர். எந்த மென்பொருளும் இதைத் தானாகச் செய்யும் என்று நம்பாதீர்கள்.

மலர்விழி:
மிக்க நன்றி ஐயா. மண் கரை இல்லை, இடைவெளியும் 12 மீட்டர்தான். ஆனாலும் 559 என்றால் பள்ளி வெளியேதானே வருகிறது?

ஓய்வு பெற்ற ஆர்ட்னன்ஸ்காரர்:
வராது அம்மா. பள்ளி, மருத்துவமனை போன்றவற்றுக்கு ஐஏடிஜியில் 22.2-க்குப் பதில் 44.4 போட வேண்டும். ஒரே கிடங்கு என்றாலும் 888 மீட்டர் ஆகிறது. பள்ளியை நகர்த்த முடியாது, எடையைத்தான் குறைக்க வேண்டும். 3,000 கிலோவுக்கு 640 மீட்டர். இரண்டு கிடங்கும் சேர்ந்து அவ்வளவுதான் வைக்கலாம்.

2011 ஜூலை 11இல் சைப்ரசின் மாரி கடற்படைத் தளத்தில் வெடிபொருள் வைத்த 98 கன்டெய்னர்கள் வெயிலில் கிடந்து வெடித்தன. 13 பேர் இறந்தார்கள், பக்கத்திலிருந்த வாசிலிகோஸ் மின் நிலையம் நாசமானது. வேலிக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதை முதலில் வரைந்துவிட்டு அப்புறம் கிடங்கை வையுங்கள்.

கொழும்புவாசி:
இங்க இலங்கையில 2016 ஜூன் 5இல் சாலாவ ராணுவ வெடிமருந்துக் கிடங்கு வெடித்தபோது சுற்றுவட்டார வீடுகள் எல்லாம் சேதம். அக்கா, உங்கட வரைபடத்தில ஒவ்வொரு வருஷமும் புதுச் செய்மதிப் படத்தைப் போட்டுப் பாருங்கோ. முகாம் அப்பிடியே இருக்கும், வீடுகள்தான் கிட்டக் கிட்ட வரும்.

மலர்விழி:
யுடிஎம்முக்கு மாற்றி, சுவரிலிருந்து 640 போட்டேன். வளையம் பள்ளி மதிலுக்கு 10 மீட்டர் முன்னால் நிற்கிறது. மீதி 13,000 கிலோவை முகாமின் வடகோடிக்குக் கொண்டுபோக இடம் தேடுகிறேன். அந்தப் பக்கம் நெடுஞ்சாலை போகிறது, அதற்குப் பெருக்க வேண்டிய எண் 14.8 தானே ஐயா?

ஓய்வு பெற்ற ஆர்ட்னன்ஸ்காரர்:
ஆமாம். 13,000க்கு 348 மீட்டர் வரும். ஆனால் அங்கிருந்தும் பள்ளிக்கு 44.4 போட்டுப் பாருங்கள், 1,044 மீட்டர் வேண்டும்.