தான்சாவில் காட்டுச் சிற்றாந்தையை எப்படித் தேடுவது?

செம்பூர் வாசகர்:
மும்பையைச் சுற்றிப் பறவை நோக்கும் நண்பர்களுக்கு வணக்கம். 2014இல் தான்சா சரணாலயத்தில் கண்டறியப்பட்ட காட்டுச் சிற்றாந்தையை நேரில் பார்க்க வேண்டுமென்பது என் நெடுநாள் ஆசை. எந்தப் பருவத்தில், எந்த நேரத்தில் போகலாம்? எங்கள் குடியிருப்பு மரங்களில் இருக்கும் புள்ளி ஆந்தையிலிருந்து அதை எப்படிப் பிரித்தறிவது? குரல் பதிவை ஒலிக்கவிட்டால் உடனே வந்துவிடும் என்கிறார் நண்பர் ஒருவர். அவ்வாறு செய்யலாமா?

டோம்பிவிலி வாசகர்:
ஐயா, இது பகலில் நடமாடும் ஆந்தை. ஆகவே இருட்டில் அலைய வேண்டாம். காலை வெயில் ஏறும் நேரத்தில், இலையுதிர்ந்த தேக்கு மரங்களின் உச்சிக் கிளைகளைப் பொறுமையாகப் பார்த்துவாருங்கள். புள்ளி ஆந்தையின் தலையில் வெள்ளைப் புள்ளிகள் தெளிவாகத் தெரியும். இதன் தலையில் அவை மிக மங்கலாகவே இருக்கும். இறக்கையிலும் வாலிலும் அகலமான பட்டைகள், அடர்பழுப்பு மார்பு, அதன்கீழ் தூய வெண்வயிறு, உடலுக்குப் பொருந்தாத அளவு பருத்த கால்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஐயமே எழாது.

1884க்குப் பிறகு உறுதியான பதிவே இல்லாமல் போன பறவை இது. மைனர்ட்ஸ்ஹாகன் என்ற ஆங்கிலேய அதிகாரி, அருங்காட்சியகத்திலிருந்து திருடிய பாடம் செய்த உடலொன்றைத் தாமே 1914இல் குஜராத்தில் சேகரித்ததாகப் பொய்ச்சீட்டு ஒட்டிவைத்ததால், தேடியவர்கள் தவறான இடத்தில் தேடினார்கள். அந்த மோசடியை வெளிக்கொணர்ந்த அமெரிக்கப் பறவையியலாளர் பமேலா ராஸ்முசன், பழைய மெய்ப்பதிவுகளை நம்பிப் போய், 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே தம் குழுவினருடன் இதைக் கண்டார். நூற்றுப்பதின்மூன்று ஆண்டு இடைவெளி! இதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கும்.

மாட்டுங்கா வாசகி:
குரல் பதிவை மட்டும் தயவுசெய்து ஒலிக்கவிடாதீர்கள். அக்டோபரிலிருந்து மே வரை இதன் இனப்பெருக்கக் காலம். மரப்பொந்தில் முட்டையோ குஞ்சோ இருக்கும்போது, வேறோர் ஆந்தை எல்லைக்குள் நுழைந்துவிட்டதென்று நம்பி ஆண்பறவை வேட்டையை விட்டுவிட்டு அதைத் துரத்த வரும். வாராவாரம் ஒவ்வொரு குழுவும் இதைச் செய்தால் குடும்பம் பட்டினி கிடக்கும். பொந்து கண்ணில் பட்டாலும் அதன் இருப்பிடத்தை வாட்ஸ்அப் குழுக்களில் பகிர வேண்டாம். படம் எடுப்பவர்களின் கூட்டம் மறுநாளே அங்கு நின்றுவிடும்.

டோம்பிவிலி வாசகர்:
அம்மா சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். செம்பூர் நண்பர் கசாரா செல்லும் புறநகர் ரயிலில் ஆட்காவில் இறங்கி, வனத்துறை அனுமதி பெற்று, உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் செல்லட்டும்.