டிஸ்சார்ஜ் சீட்டில் எல்லோருக்கும் ஒரே டிராமடாலா?

வார்டு பார்மசிஸ்ட்:
பித்தப்பை, ஹெர்னியா, குடல் என்று எந்த ஆபரேஷனாக இருந்தாலும் எங்கள் சர்ஜரி வார்டில் சீட்டு ஒன்றுதான்: டிராமடால் (ஓபியாய்டு எனும் அபின் வகை வலி மருந்து) 50 மி.கி. 20 மாத்திரை, ஆன்டிபயாடிக் 5 நாள், பான்டோபிரசோல் (வயிற்று அமிலத்தைக் குறைப்பது). பாராசிட்டமால் மட்டும் ‘வலித்தால்’. டிராமடால் எத்தனை தரலாம் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறீர்கள்?

மயக்கவியல் டாக்டர்:
டிஸ்சார்ஜுக்கு முந்தைய 24 மணி நேர மருந்து சார்ட்டைப் பாருங்கள். அதில் ஓபியாய்டு ஒரு டோஸ்கூட இல்லையென்றால் வீட்டுக்கும் தேவையில்லை. ஒன்றிரண்டு போட்டிருந்தால் இரண்டு மூன்று நாளுக்குப் போதும். ஆனால் எபிடியூரலோ நரம்பு பிளாக்கோ (ஒரு பகுதியை மட்டும் மரக்கச் செய்யும் ஊசிகள்) வேலை செய்துகொண்டிருந்த நேரத்துச் சார்ட் ஏமாற்றும். அது விட்ட பிறகு எவ்வளவு கேட்டார் என்பதுதான் கணக்கு.

பாராசிட்டமாலை ‘வலித்தால்’ பகுதியில் எழுதுவதுதான் இங்கே முக்கியக் கோளாறு. நோயாளி வலி ஏறும்வரை பொறுப்பார், பிறகு நர்ஸைக் கூப்பிடுவார், மாத்திரை வேலை செய்ய இன்னும் அரை மணி. அதற்குள் டிராமடால் ஊசி போட்டாகிவிடும். பாராசிட்டமால் 1 கிராம், 6 மணிக்கொரு முறை, நேரம் போட்டு எழுதுங்கள். 50 கிலோவுக்குக் கீழ் என்றால் வேளைக்கு கிலோவுக்கு 15 மி.கி. சிறுநீரகமும் வயிறும் இடம் கொடுத்தால் ஐபுபுரோஃபென் 400 மி.கி. மூன்று வேளை, சில நாள். குடல் இணைப்பு போட்டவருக்கு மட்டும் சர்ஜனைக் கேட்காமல் சேர்க்காதீர்கள்.

கிளினிக்கல் பார்மசிஸ்ட்:
‘சிறுநீரகம் இடம் கொடுத்தால்’ என்பதை லேசாக விட்டுவிடாதீர்கள். எனலாபிரில் வகை ரத்த அழுத்த மருந்தும் நீர் மாத்திரையும் சாப்பிடுபவர், ஆபரேஷனுக்குப் பின் சரியாகத் தண்ணீர் குடிக்காதவர், அவருக்கு ஐபுபுரோஃபென் சேர்ந்தால் கிரியாட்டினின் (சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் ரத்த அளவு) ஏறிவிடும். டிராமடாலும் எல்லோருக்கும் ஆகாது: வலிப்பு உள்ளவருக்கு வேண்டாம், செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மருந்தோடு சேர்ந்தால் செரடோனின் கோளாறு (செரடோனின் எனும் ரசாயனம் உடலில் மிகையாவது) வரலாம், 12 வயதுக்குக் கீழ் கூடாது. கொடுத்தால் முதல் டோஸிலிருந்தே மலமிளக்கியான சென்னாவும் எழுதுங்கள்.

இன்னொன்று: டிராமடால் கூட்டு மாத்திரையில் பெரும்பாலும் பாராசிட்டமால் 325 மி.கி. இருக்கும். தனியாகவும் பாராசிட்டமால் எழுதினால் ஒரு நாளின் 4 கிராம் வரம்பு சத்தமில்லாமல் தாண்டிவிடும்.

சர்ஜன்:
ஆன்டிபயாடிக் பற்றி யாருமே பேசவில்லையே. தொற்று இல்லாத கேஸில் கீறலுக்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் செஃபாசோலின் 2 கிராம், அதோடு சரி. தியேட்டரை விட்டு வந்தபின் தொடர வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2016லேயே சொல்லிவிட்டது. டிரெய்ன் (காயத்திலிருந்து நீரை வடிக்கும் குழாய்) இருக்கிறது என்பதும் காரணமாகாது. பான்டோபிரசோல் பெரும்பாலும் ஐசியூவில் தொடங்கி யாரும் நிறுத்தாமல் வந்தது. தொடரக் காரணம் சார்ட்டில் இல்லையென்றால் அடித்துவிடுங்கள்.

உண்மையில் விட்டுப்போவது வேறு. வயிற்றுப் புற்றுநோய்க்குப் பெரிய ஆபரேஷன் ஆனவருக்கு எனாக்ஸாபரின் (ரத்தக் கட்டி வராமல் தடுப்பது) 40 மி.கி. தினம் ஒரு ஊசி, மொத்தம் 4 வாரம். வார்டில் ஒழுங்காகப் போடுவார்கள், சீட்டில் ஏறாது. கிரியாட்டினின் கிளியரன்ஸ் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்) நிமிடத்துக்கு 30 மி.லி.க்குக் கீழ் என்றால் டோஸைக் குறைக்க வேண்டும்.

வார்டு பார்மசிஸ்ட்:
நன்றி டாக்டர். கூட்டு மாத்திரைதான் எங்களிடம் ஸ்டாக்கில் இருப்பது, தனி டிராமடால் கேட்டுப் பார்க்கிறேன். வீட்டில் ஊசி போட ஆள் இல்லாதவருக்கு என்ன செய்கிறீர்கள்?

சர்ஜன்:
இரண்டு நாள் முன்னாலேயே நர்ஸ் கற்றுக்கொடுத்து, அவரையே போடச் சொல்லிப் பார்த்துவிட வேண்டும். முன்நிரப்பிய சிரிஞ்சுதான், தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு, தழும்புக்கு அருகில் வேண்டாம். உள்ளே இருக்கும் காற்றுக் குமிழியை வெளியே தள்ள வேண்டியதில்லை. தள்ளினால் மருந்தும் கொஞ்சம் போய்விடும்.