பிளைவுட்டில் ஒட்டிய புகைப்படம், ஜிக்சா துண்டு அறுக்கும்போது கழன்று வருகிறது

புதிர்ப்பிரியை:
வணக்கம். அப்பா அம்மாவின் மணிவிழாப் படத்தை மர ஜிக்சா புதிராக்கிப் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுக்க ஆசை. ஸ்டூடியோவில் ஒரு பிரதி எடுத்துத் தடித்த அட்டையில் ஒட்டிக் கொடுத்தார்கள். அதை அட்டையோடு 6 மி.மீ. பிளைவுட்டில் வெள்ளைப் பசை பூசி ஒட்டி, மேலே புத்தகங்களை அடுக்கி இரவு முழுக்க வைத்திருந்தேன். காலையில் கெட்டியாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்க்ரோல் ரம்பத்தில் (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவாக அறுக்கும் இயந்திரம்) அறுக்க அறுக்க, துண்டுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் குமிழ் வரும் இடங்களில் எல்லாம் படம் கழன்றுவிடுகிறது. பலகையும் லேசாக வளைந்திருக்கிறது. ரப்பர் பசைக்கு மாறிவிடலாமா?

தச்சுப்பட்டறை:
பசையை மாற்றும் முன் கழன்ற துண்டின் அடியைப் பாருங்கள், சகோதரி. பலகையிலும் படத்தின் பின்னாலும் ஒரே மாதிரி சாம்பல் நிற நார் தெரிந்தால், அட்டைதான் நடுவில் பிளந்திருக்கிறது. பலகை வெறுமையாக இருந்தால், தூசியோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்திருக்கும். பசை அட்டையிலேயே வழவழவென்று தங்கிப் படம் மட்டும் உரிந்திருந்தால், புகைப்படத் தாளில் பசை பிடிக்கவில்லை என்று பொருள்.

புதிர்ப்பிரியை:
பார்த்தேன் ஐயா. இரண்டு பக்கமும் சாம்பல் நார்தான். பலகையில் ஒட்டிய அட்டைப் படலத்தை நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை.

தச்சுப்பட்டறை:
அப்படியென்றால் உங்கள் பசை தன் வேலையைச் செய்திருக்கிறது. அட்டை என்பது அழுத்திய காகித நார். பிளேடு ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் படத்தைத் தூக்கப் பார்க்கும். குமிழின் கழுத்து குறுகல். பிடிப்பதற்கு அங்கே பரப்பே இல்லை, நார் விட்டுவிடுகிறது. எந்தப் பசைக்கு மாறினாலும் இது நடக்கும். அட்டையே வேண்டாம், படத்தை நேராகப் பலகையில் ஒட்டுங்கள்.

நிழற்படக்காரன்:
தாளைப் பற்றி நான் சொல்கிறேன். ஸ்டூடியோவில் தரும் வண்ணப்படத் தாளின் இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு உண்டு. வெள்ளைப் பசையின் ஈரம் அதன் வழியே வெளியேறாது. மரம் மட்டுமே உறிஞ்ச வேண்டும். பசை தடித்தால் கொப்புளம் நிச்சயம். அந்தப் பூச்சில்லாத, பளபளப்பற்ற மேட் தாளில் அச்சிட்டால் பிடிப்பு நன்றாக இருக்கும். இங்க்ஜெட் அச்சானால் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பாருங்கள். சில மைகள் கரைந்து பரவும். மூலப்படத்தைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

தச்சுப்பட்டறை:
ரப்பர் பசை வேண்டாம். வைத்த இடத்திலேயே பிடித்துக்கொள்ளும், கோணலாக விழுந்தால் நகர்த்த வழியில்லை. வெள்ளைப் பசையே போதும். பலகையை 220 எண் உப்புத்தாளால் தேய்த்துத் தூசியை நன்றாகத் துடைத்துவிடுங்கள். பசையை மரத்தில் மட்டும் ரோலரால் பூசுங்கள். மரத்தின் ரேகை மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லிசாக இருக்கட்டும். தாளை ஒரு விளிம்பிலிருந்து படியவிட்டு, மேலே பட்டர் பேப்பர் வைத்து நடுவிலிருந்து வெளிநோக்கி நீவுங்கள். பிறகு சமமான இன்னொரு பலகையை வைத்துச் சுற்றிலும் கிளாம்ப் போட்டு ஒரு முழு நாள் விடுங்கள். புத்தகப் பாரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறங்காது.

வளைவுக்குக் காரணம், ஈரம் ஒரு பக்கம் மட்டும் சேர்ந்தது. பின்பக்கத்திலும் அதே நேரத்தில் ஒரு சாதாரணத் தாளை ஒட்டிவிடுங்கள். அறுக்கும்போது அடியில் மரம் சிலும்புவதையும் அது குறைக்கும். பிளேடின் பற்கள் கீழ்நோக்கி, படம் மேல்நோக்கி இருக்க வேண்டும். 2/0 அளவு எண் போன்ற மெல்லிய பிளேடு போடுங்கள். மலிவான பிளைவுட்டின் உள்ளடுக்கில் இடைவெளி இருக்கும், குமிழ் அங்கே விழுந்தால் ஒடிந்துபோகும். 6 மி.மீ.க்குள் ஐந்து அடுக்கு உள்ள பிர்ச் மரப் பிளைவுட் கிடைத்தால் விடாதீர்கள்.

புதிர்ப்பிரியை:
மேட் தாளில் அச்சிட்டு, பழைய பலகைத் துண்டில் நீங்கள் சொன்னபடி ஒட்டி ஒரு குமிழை மட்டும் அறுத்தேன். விளிம்பை நகத்தால் நெம்பினால் தாள்தான் கிழிகிறது, கழலவில்லை. மேலே ஆக்ரிலிக் ஸ்ப்ரே அடிப்பது அறுப்பதற்கு முன்பா, பின்பா?

தச்சுப்பட்டறை:
முன்பே அடியுங்கள். அறுத்தபின் அடித்தால் இடுக்கில் இறங்கித் துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒரே தடவையில் நனைய அடிக்காமல், இரண்டு மூன்று மெல்லிய பூச்சாக, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடியுங்கள்.