அப்பாவுக்கு பம்பிங் 30% தான், நடக்க விடலாமா இல்ல ரெஸ்ட்லயே வச்சுக்கணுமா?

ஈரோட்டுப்பையன்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க. அப்பாவுக்கு 61 வயசு, தறி ஓட்டுனவரு, அவரு சும்மா உக்காந்து நான் பாத்ததே இல்லைங்க. ஆறு மாசத்துக்கு முன்னாடி ஹார்ட் அட்டாக் வந்து ஒரு ஸ்டென்ட் வச்சாங்க. அப்ப எடுத்த எக்கோல (ஹார்ட் ஸ்கேன்) பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்புலயும் ஹார்ட் வெளிய தள்ளுற ரத்தத்தோட பங்கு, 30%னு வந்துச்சு, போன மாசம் எடுத்ததுலயும் 32 தான். டாக்டர் மாத்திரை எல்லாம் எழுதிக் குடுத்துட்டு "நடங்க, ஆனா ஸ்ட்ரெயின் பண்ணிக்காதீங்க"ன்னு சொன்னாரு, எவ்ளோ தூரம் நடக்கறது, எப்ப நிறுத்தறதுன்னு கேக்கறதுக்குள்ள அடுத்த பேஷண்ட் உள்ள வந்துட்டாங்க.

வீட்ல அம்மாவும் அத்தையும் அவர எந்திரிக்கவே விடறதில்ல, தண்ணி சொம்பு கூட கைக்கே கொண்டு வந்து குடுக்கறாங்க. மூணு மாசம் முன்னாடி தெருமுனை டீக்கடை வரைக்கும் போய்ட்டு வந்தவரு இப்ப பாத்ரூம் போய்ட்டு வந்தாலே இளைக்குது. எனக்கு புரியலைங்க, ஹார்ட் இன்னும் மோசமாகுதா, இல்ல இப்டி கட்டில்லயே கெடக்கறதால தான் இப்டியா? இந்த மாதிரி பம்பிங் கம்மியா இருக்கறவங்கள நடக்க வச்சு ஒழுங்கா யாராச்சும் ஆராய்ச்சி பண்ணிருக்காங்களா? மாமா ஒருத்தரு யோகா மட்டும் போதும்ங்கறாரு. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மதுரை_பிசியோ:

தம்பி, நான் இதய நோயாளிகளுக்கு பிசியோதெரபி குடுக்குறவன், 12 வருஷமா இதான் வேலை. முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். மூணு மாசத்துல இளைப்பு கூடிருக்குன்னா அத நீங்களா "ரெஸ்ட்டால தான்"னு முடிவு பண்ணிடாதீங்க. கால் வீங்கியிருக்கா, ராத்திரி படுக்குறப்ப தலகாணி கூட வேண்டியிருக்கா, மூணு நாளைக்குள்ள 2 கிலோவுக்கு மேல எடை ஏறிருக்கா, இதப் பாத்துட்டு இந்த வாரமே டாக்டர்கிட்ட ஒரு தடவ காட்டிடுங்க. உடம்புல தண்ணி சேந்திருந்தா மாத்திரைய சரிபண்ணி அது வடிஞ்சதுக்கு அப்புறம் தான் நடை. எல்லாம் ஸ்டெடியா இருக்குன்னு டாக்டர் சொன்னா தைரியமா ஆரம்பிக்கலாம்.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். கட்டில்ல படுத்தே இருந்தா உடம்பு என்ன ஆகும்ங்கறதுக்கு 1966ல அமெரிக்காவுல டாலஸ்ல ஒரு சோதனை பண்ணாங்க. நல்ல திடகாத்திரமான 20 வயசுப் பசங்க அஞ்சு பேரை மூணு வாரம் படுக்கையிலயே வச்சிருந்தாங்க. எந்திரிச்சு ஓட வச்சு அளந்து பாத்தா உடம்பு அதிகபட்சமா எடுத்துக்குற ஆக்ஸிஜன் கால்வாசிக்கும் மேல கொறைஞ்சு போச்சு. அதே அஞ்சு பேரையும் 30 வருஷம் கழிச்சு 50 வயசுல கூப்ட்டு மறுபடி அளந்தாங்க. 30 வருஷ வயசு அந்த சக்திய எடுத்ததை விட அந்த மூணு வார படுக்கை அதிகமா எடுத்திருந்துச்சு! நோயே இல்லாத வாலிபப் பசங்களுக்கே இந்த கதின்னா 61 வயசுல அட்டாக் வந்தவர மாசக்கணக்குல உக்கார வச்சா என்ன ஆகும்னு நீங்களே நெனச்சுப் பாருங்க. உங்க அம்மா, அத்தை மேல தப்பு இல்ல, ஒரு காலத்துல டாக்டர்களே அட்டாக் வந்தவங்கள வாரக்கணக்குல அசைய விட மாட்டாங்க. 1952ல பாஸ்டன்ல லெவைன், லோன்னு ரெண்டு டாக்டர்கள் நோயாளிய நாற்காலில உக்கார வைக்கலாம்னு சொன்னதே அப்ப பெரிய விஷயம்.

பம்பிங் கம்மியானவங்கள வச்சு பண்ணதுல பெரிய ஆராய்ச்சின்னா எச்எஃப் ஆக்‌ஷன். 2009ல ரிசல்ட் வந்துச்சு. அமெரிக்கா, கனடா, பிரான்ஸ்ல 82 இடத்துல 2331 பேரு, எல்லாருக்கும் பம்பிங் 35 இல்ல அதுக்கும் கீழ, பாதிப்பேருக்கு 25 கூட இல்ல. அப்ப உங்க அப்பாவை விட மோசமானவங்க நெறைய பேரு அதுல இருந்தாங்க. மாத்திரை எல்லாருக்கும் உண்டு, பாதிப்பேருக்கு கூடவே பயிற்சியும். மொதல்ல ஆள் பக்கத்துல இருந்து பாத்துக்க 36 தடவ, அப்புறம் வீட்ல சைக்கிளோ டிரெட்மில்லோ குடுத்து தொடரச் சொன்னாங்க. பயிற்சி பண்ணவங்களுக்கு ஆபத்து கூடல, இது தான் எனக்கு முக்கியம். அதுவரைக்கும் எல்லாருக்கும் இருந்த பெரிய பயமே அதான்.

கணக்கு_பாக்குறவ:

அண்ணா சொன்னதுல தப்பு இல்ல, ஆனா பாதி தான் சொல்லிருக்காரு. அப்பாவுக்காக கேக்குறவருக்கு மீதியும் தெரியணும்னு எழுதுறேன். எச்எஃப் ஆக்‌ஷன்ல அவங்க மெயினா பாத்தது சாவு, இல்லன்னா எந்தக் காரணத்துக்காவது ஆஸ்பத்திரில சேர்றது. பயிற்சி குரூப்ல அது 65%, சும்மா மாத்திரை மட்டும் எடுத்தவங்களுக்கு 68%. இந்த வித்தியாசம் தற்செயலா கூட வந்திருக்கலாம்ங்கற அளவுல தான் இருந்துச்சு. நோயோட தீவிரத்த எல்லாம் கணக்குல எடுத்து திருத்திப் பாத்தப்ப தான் சின்னதா ஒரு நன்மை தெரிஞ்சுது. 6 நிமிஷ நடை டெஸ்ட்ல மூணு மாசத்துல பயிற்சிக்காரங்க முன்ன விட 20 மீட்டர் கூடுதலா நடந்தாங்க, மத்தவங்க 5 மீட்டர் கூடுதலா. 20 மீட்டர்ங்கறது ஒண்ணும் மலை இல்ல. பேப்பர்ல "பயிற்சி ஹார்ட்ட குணமாக்கும்"னு தலைப்பு போடுறாங்களே, அத நம்பி ஏமாறக் கூடாதுன்னு தான் சொல்றேன்.

மதுரை_பிசியோ:

மேடம் சொல்றது நூத்துக்கு நூறு சரி, நான் அத விட்ருக்கக் கூடாது. ஆனா அந்த 20 மீட்டர் ஏன் அவ்ளோ சின்னதா இருக்குன்னும் பாக்கணும். வாரத்துக்கு 120 நிமிஷம் பண்ணச் சொல்லிருந்தாங்க, நாலுல இருந்து ஆறாவது மாசத்துல நடுவுல இருக்குற ஆளு பண்ணது 95 நிமிஷம், ஒரு வருஷம் முடியுறப்ப 74 நிமிஷம். வீட்டுக்குள்ளயே மிஷின் வாங்கிக் குடுத்துமே இப்டி. பின்னாடி அதே டேட்டாவ வச்சு பாத்தப்ப மிதமான அளவுக்கு தொடர்ந்து பண்ணவங்களுக்கு ஆபத்து 30%க்கு மேல கம்மியா இருந்துச்சு. ஆமா, நல்லா இருக்கறவங்க தான் அதிகம் பண்ணுவாங்க, அதனால அத அப்படியே நிரூபணம்னு எடுத்துக்க முடியாது, மேடம் அதத்தான் அடுத்து சொல்லப் போறாங்கன்னு தெரியும். ஆனா என் ரூம்ல நான் பாக்குறது அதே தான், மூணாவது வாரம் வர்றவங்க முப்பதாவது வாரம் வர்றதில்ல.

இன்னொரு விஷயம், தம்பி கேட்டதுக்கு நேரா பதில் இது தான். பம்பிங் 30ல இருந்து 50 ஆகும்னு நெனச்சு நடக்க வைக்காதீங்க. 1988லயே அமெரிக்காவுல டியூக் யுனிவர்சிட்டில பம்பிங் ரொம்ப கம்மியான 12 பேர வச்சு பண்ண சின்ன ஆராய்ச்சில ஆக்ஸிஜன் எடுத்துக்குற சக்தி 23% கூடுச்சு, அதுல பெரும்பங்கு காலால வந்தது. கால் தசைக்கு ரத்தம் கூடுதலாப் போகுது, வந்த ரத்தத்துல இருந்து தசை ஆக்ஸிஜன நல்லா உறிஞ்சுது. மோட்டார் அதே மோட்டார் தான், வயக்காட்டு வாய்க்கால தூர் வாருனா அதே தண்ணி கடைமடை வரைக்கும் போகும்ல, அந்த மாதிரி. அப்பா பாத்ரூம் போனா இளைக்கிறதுக்கு பாதிக் காரணம் கால் மெலிஞ்சு போனதா கூட இருக்கலாம். தொடைய தொட்டுப் பாருங்க, ஆறு மாசத்துக்கு முன்னாடி இருந்த தொடையா அது?

நெல்லைக்காரி:

எனக்கு ஹார்ட் பத்தி தெரியாது, எங்கம்மாவுக்கு நுரையீரல். நாப்பது வருஷம் விறகடுப்பு ஊதி ஊதி சிஓபிடி, அதான் மூச்சுக்குழாய் சுருங்கிப் போற நாள்பட்ட நோய், வந்துட்டு, சிகரெட்ட கையால தொட்டதில்ல அவ. மாடிப்படி ஏறுனா இளைக்கும், இளைக்குதேன்னு ஏறாம விட்டா, ஏறாததால கால் போச்சு, கால் போனதும் சமதரைல நடந்தாலே இளைச்சுது. ஒரு சுழல் மாதிரி உள்ள இழுத்துட்டே போகும், அத நேர்ல பாத்தவங்களுக்குத் தான் தெரியும். பயிற்சிக்கு கூட்டிட்டுப் போனப்ப அங்க இருந்த பிள்ள 30 மீட்டர் வராண்டால ரெண்டு பக்கமும் அடையாளம் வச்சு ஆறு நிமிஷம் நடக்கச் சொன்னா, நடுவுல நின்னுக்கலாம், சுவத்துல சாஞ்சுக்கலாம், ஆனா கடிகாரம் ஓடிட்டே இருக்கும்னு சொன்னா. அம்மா 180 மீட்டர் நடந்தா. எட்டு வாரம், வாரத்துக்கு மூணு நாள். கடைசில 240. நுரையீரல் ஊதுற டெஸ்ட்ல ஒரு புள்ளி கூட மாறல, டாக்டரே சொன்னாரு அது மாறாதுன்னு. ஆனா எங்கம்மா தானே தலைக்கு குளிச்சா, அதுக்கு முன்னாடி ஒரு வருஷமா நான் தான் தண்ணி ஊத்துவேன். 60 மீட்டர்னா என்னன்னு எங்கிட்ட கேளுங்க, அது பாத்ரூமுக்கும் அடுக்களைக்கும் நடுவுல உள்ள மானம் அண்ணாச்சி.

கணக்கு_பாக்குறவ:

அக்கா, உங்க அம்மா கதைய படிச்சுட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் டைப் பண்ண முடியல. சிஓபிடில ஆதாரம் ஹார்ட்ட விட பலமா இருக்குங்கறதையும் சொல்லணும். பல ஆராய்ச்சிகள ஒண்ணா சேத்துப் பாக்குற காக்ரேன் அமைப்போட 2015 அலசல்ல 65 ஆராய்ச்சி, 3822 பேரு, 6 நிமிஷ நடைல சராசரியா 44 மீட்டர் கூடுச்சு. 30 மீட்டர் வாக்குல கூடுனாலே நோயாளிக்கு வித்தியாசம் தெரியும்னு சொல்றாங்க. 20 மீட்டர் மலை இல்லன்னு நான் மேல எழுதுனது அந்தக் கணக்குல தான், யாரையும் கொறைச்சு சொல்ல இல்ல.

ஓட்டக்காரன்_சேலம்:

நான் மாரத்தான் ஓடுறவன். நார்வேக்காரங்களோட 4x4 பத்தி யாரும் சொல்லலையே? நாலு நிமிஷம் வேகமா, மூணு நிமிஷம் மெதுவா, இப்டி நாலு தடவ. 2007ல ட்ரொன்ட்ஹெய்ம்ல ஹார்ட் பெயிலியர் நோயாளிங்களுக்கே குடுத்து ஆக்ஸிஜன் எடுத்துக்குற சக்தி 46% கூடுச்சுன்னு படிச்சிருக்கேன், சாதா நடைல 14% தான். அப்பறம் ஏன் மெதுவா நடக்க வைக்கணும்?

மதுரை_பிசியோ:

அந்த ஆராய்ச்சில மொத்தமே 27 பேரு தம்பி. அத பெரிய அளவுல திருப்பிப் பாக்கத் தான் ஸ்மார்டெக்ஸ்னு ஒண்ணு ஐரோப்பாவுல பண்ணாங்க, 261 பேரு, 2017ல வந்துச்சு. வேகமா பண்ணவங்களுக்கும் மிதமா பண்ணவங்களுக்கும் 12 வாரத்துல பெரிய வித்தியாசமே இல்ல. ஏன்னு தோண்டிப் பாத்தா வேகமா பண்ணச் சொன்னதுல பாதிப்பேரு சொன்ன வேகத்த எட்டல, மிதமா பண்ணச் சொன்னதுல 80% பேரு சொன்னத விட வேகமாவே பண்ணிட்டாங்க. மனுசங்க அவங்கவங்களுக்கு வர்ற வேகத்துல தான் போவாங்க. வீட்ல ஆள் துணை இல்லாம, ஈசிஜி பாக்காம, பம்பிங் 32 இருக்கறவருக்கு 4x4 வேண்டவே வேண்டாம். இத கண்டிப்பா சொல்றேன், யாரும் முயற்சி பண்ணாதீங்க.

ஈரோட்டுப்பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. லேட்டா வர்றதுக்கு மன்னிக்கணும். டாக்டர்கிட்ட காட்டுனோம், கால்ல லேசா வீக்கம் இருந்துச்சு, தண்ணி மாத்திரைய கூட்டுனாரு, ஒரு வாரத்துல எடை 3 கிலோ எறங்குச்சு. நல்லவேளை நீங்க அத மொதல்ல சொன்னீங்க, இல்லன்னா நான் நேரா நடக்க வச்சிருப்பேன். இப்ப நடக்கலாம்னுட்டாரு. மொட்டை மாடி இங்க இருந்து அங்க 12 மீட்டர் இருக்குது, காலைல ஏழு மணிக்கு கூட்டிட்டுப் போய் ஆறு நிமிஷம் பாத்தேன், 17 தடவ போய் வந்தாரு, அதாவது ஒரு பக்கமா எண்ணி 17. நடுவுல ரெண்டு தடவ உக்காந்தாரு. அம்மா கீழ இருந்து திட்டிட்டே இருந்தாங்க.

ரெண்டு சந்தேகம்ங்க. நாடித்துடிப்பு எவ்ளோ வரைக்கும் போகலாம்? 220ல வயச கழிக்கணும்ங்கறாங்களே? அப்பறம் அந்த யோகா?

மதுரை_பிசியோ:

204 மீட்டர், நல்ல ஆரம்பம்! எழுதி வச்சுக்கோங்க. 12 மீட்டர்ல அடிக்கடி திரும்ப வேண்டியிருக்குறதால 30 மீட்டர் வராண்டால நடக்குறத விட கம்மியா தான் வரும், அதனால அடுத்தவங்க நம்பரோட ஒப்பிடாதீங்க, அதே மாடில அதே நேரத்துல மாசம் ஒரு தடவ அளந்தா போதும்.

220 கணக்கு அப்பாவுக்கு ஒத்து வராது. மெட்டோபிரோலால், கார்வெடிலால், பைசோபிரோலால்னு எதாவது கண்டிப்பா எடுத்துட்டு இருப்பாரு, அதெல்லாம் துடிப்ப ஏற விடாம புடிச்சு வைக்குற மாத்திரை. அதுக்கு பதிலா ஸ்வீடன்ல போர்க்னு ஒருத்தர் போட்ட ஸ்கேல் இருக்கு, 6ல இருந்து 20 வரைக்கும். 6ன்னா சும்மா உக்காந்திருக்கற மாதிரி, 20ன்னா இதுக்கு மேல முடியவே முடியாது. அப்பாவுக்கு 11ல இருந்து 13க்குள்ள இருக்கணும், அதாவது லேசா கஷ்டமா இருக்கு, ஆனா ஒரு வாக்கியம் நிறுத்தாம பேச முடியுது. பேச்சு ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவ அறுந்தா வேகத்த கொறைங்க. நெஞ்சு வலி, தலை சுத்தல், படபடப்பு வந்தா அதோட நிறுத்திட்டு ஆஸ்பத்திரி. மொதல் வாரம் அஞ்சு நிமிஷம் நடை, ரெண்டு நிமிஷம் நாற்காலி, அப்டி மூணு தடவ. ஒவ்வொரு வாரமும் ஒரு நிமிஷம் நடைல கூட்டுங்க, வேகத்த கூட்டாதீங்க. சாப்ட்ட உடனே வேண்டாம், ஈரோட்டு வெயில்ல தண்ணி மாத்திரையும் போட்டுட்டு பத்து மணிக்கு மேல வெளிய நடக்கறது சுத்தமா வேண்டாம்.

கணக்கு_பாக்குறவ:

யோகாவுக்கு நான் சொல்றேன். நம்ம நாட்லயே 24 ஆஸ்பத்திரில அட்டாக் வந்த 3959 பேர வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணி 2020ல வெளியிட்டாங்க. யோகா பயிற்சி எடுத்தவங்களுக்கு சாவு, மறுபடி அட்டாக் எல்லாம் சேத்து பாத்ததுல உறுதியா சொல்ற அளவுக்கு வித்தியாசம் வரல, ஆனா முன்ன செஞ்ச வேலைகளுக்கு திரும்புறது கொஞ்சம் நல்லா இருந்துச்சு, அவங்களே தங்களோட உடம்ப பத்தி கொஞ்சம் நல்லா சொன்னாங்க. பயிற்சி சென்டரே இல்லாத ஊர்ல அது நல்ல துணை. மாமாகிட்ட "மட்டும்"ங்கற வார்த்தைய எடுத்துட்டு பேசச் சொல்லுங்க, நடை முடிஞ்சதும் மூச்சுப் பயிற்சி அவரே சொல்லித் தரட்டும்.

நெல்லைக்காரி:

தம்பி, அம்மாவ கீழ இருந்து திட்ட விடாதீங்க, மாடிக்கு கூட்டிட்டுப் போய் நாற்காலில உக்கார வச்சு அந்த எண்ணிக்கைய அவங்கள எண்ணச் சொல்லுங்க. எங்க வீட்ல அப்பா தான் எண்ணுவாரு. எண்ணுறவங்க இல்லன்னா எங்கம்மா நாலாவது வாரமே நிறுத்திருப்பா.

ஈரோட்டுப்பையன்:

அஞ்சு வாரம் ஆச்சுங்க. இன்னிக்கு காலைல 22. உக்காரல. அம்மா தான் எண்ணுனாங்க, 19க்கு மேல சத்தமா எண்ண ஆரம்பிச்சுட்டாங்க.